ஆர்சி விமானம் ஓட்டணுமா, முதல்ல கையை சும்மா வைக்கப் பழகுங்க

என்னோட முதல் ஆர்சி விமானம், அதாவது ரிமோட்ல ஓட்டற குட்டி விமானம், மொத்தமா பறந்தது நாலு செகண்ட் இருக்கும். ரெண்டாம் உலகப்போர் ஃபைட்டர் மாடல், இறக்கை உடம்புக்குக் கீழ, பார்க்க அவ்வளவு அழகு. பெட்டி மேலயே புதுசா கத்துக்கறவங்களுக்கு இது வேணாம்னு போட்டிருந்துச்சு, அது வேற யாருக்கோ சொன்னதுன்னு நெனச்சுக்கிட்டேன். கையில இருந்து வீசினேன், இடது பக்கமா லேசா சாஞ்சுது, பதறிப்போய் ஸ்டிக்கை வலது பக்கம் முழுசா தள்ளினேன், ஒரே உருளுல மல்லாந்துடுச்சு, ஐயோன்னு எலிவேட்டரை, அதாவது மூக்கைத் தூக்கற ஸ்டிக்கை, இழுத்தேன், மல்லாந்து கெடக்கறதை இழுத்தா எங்க போகும், நேரா மண்ணுக்குள்ள. ஃபோம் ஒடையற அந்த மொறுக் சத்தம் இன்னும் காதுல இருக்கு.

ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சுது, அது பறக்கத்தான் பார்த்துச்சு, நான்தான் விடல. சரியான ட்ரெய்னர் விமானத்தை சரியா ட்ரிம் பண்ணி (ஒரு பக்கமா இழுக்காத மாதிரி சரிசெஞ்சு), பாதி த்ராட்டில்ல, அதாவது மோட்டாரைப் பாதி வேகத்துல வச்சு ரெண்டு ஸ்டிக்கையும் விட்டுட்டீங்கன்னா அது பாட்டுக்கு நேரா போகும். அதனால இந்தப் பொழுதுபோக்குல நீங்க கத்துக்கப்போறது விமானத்தை "ஓட்ட" இல்ல, தேவையில்லாம அதைத் தொந்தரவு பண்ணாம இருக்க. கீழ சொல்றது எல்லாமே இதைச் சுத்திதான்.

முதல்ல எந்த விமானம். இறக்கை உடம்புக்கு மேல இருக்கணும், ரெண்டு இறக்கையும் முன்னாடி இருந்து பார்த்தா லேசா வி மாதிரி மேல்நோக்கி இருக்கணும். இந்த வி-க்கு டைஹெட்ரல்னு பேரு, அழகுக்கு வச்சது இல்ல. விமானம் ஒரு பக்கம் சாஞ்சா அந்தப் பக்கமா சறுக்க ஆரம்பிக்கும், அப்ப தாழ்ந்த இறக்கையில காத்து கொஞ்சம் அதிக கோணத்துல படும், அந்தப் பக்கம் தூக்கு விசை கூடி தானா நிமிரும். உங்க கை பதறி ஏதாவது பண்ணாலும் இந்த வடிவம் உங்களுக்காக வேலை பார்த்துக்கிட்டே இருக்கும். ஃபைட்டர், ஜெட் மாடல்ல எல்லாம் இந்த உதவி கம்மி, அதுங்க வச்ச கோணத்துலயே நிக்கும், அதுதான் அதுங்களோட பெருமையும்.

சைஸ்ல ஏமாந்துடாதீங்க. சின்னதா வாங்கினா சுலபம்னு எல்லாரும் நெனைக்கறாங்க, நடக்கறது அதுக்கு நேர்மாறு. சின்ன விமானம் லேசான காத்துக்கே ஆடும், அம்பது மீட்டர் போனா எந்தப் பக்கம் பார்க்குதுன்னே தெரியாது. இறக்கை நீளம் 1 மீட்டர்ல இருந்து 1.5 மீட்டர் வரை இருந்தா மெதுவாவும் பறக்கும், கண்ணுக்கும் தெரியும். மெட்டீரியல் ஈபிஓ இல்லேன்னா ஈபிபி ஃபோம், விழுந்தா ஒட்டிக்கலாம். பால்சா மரத்துல செஞ்சது ரொம்ப அழகா பறக்கும்தான், ஆனா முதல் விமானம் விழும், அது நிச்சயம், பால்சாவை ஒட்டி முடிக்கறதுக்குள்ள ஆசையே போயிடும். ப்ரொப்பல்லர் இறக்கைக்குப் பின்னாடி இருக்கற புஷர் மாடல் கெடைச்சா இன்னும் நல்லது, மூக்கு குத்தி விழுந்தாலும் மோட்டாரும் ப்ராப்பும் பெரும்பாலும் தப்பிச்சுக்கும். ஹாபிஸோன் ஏரோஸ்கவுட் அந்த வகைதான், இறக்கை 1.1 மீட்டர். ப்ராப் முன்னாடி இருக்கறதுல ஈ-ஃப்ளைட் அப்ரெண்டிஸ் நெறைய பேர் கத்துக்கிட்ட விமானம்.

இந்த ரெண்டுலயும் ஸேஃப்னு ஒரு ஜைரோ வசதி வரும், ஸ்டிக்கை விட்டா எலக்ட்ரானிக்ஸே விமானத்தை நிமிர்த்திடும். இது ஏமாத்து வேலைன்னு பழைய ஆளுங்க சிலர் சொல்வாங்க. நான் அப்படி நெனைக்கல, முதல் பத்து ஃப்ளைட்டுக்கு போட்டுக்கங்க, ஆனா அதுலயே உக்காந்துடாதீங்க. அது ஆன்ல இருக்கற வரைக்கும், திருப்பினதுக்கப்புறம் நிமிர்த்தறது உங்க வேலைன்னு கைக்கு பழகவே பழகாது, என்னைக்காவது அது இல்லாத விமானத்தை எடுத்தா என்னோட நாலு செகண்ட் கதைதான்.

வாங்கறப்ப பெட்டியில இருக்கற எழுத்தைப் பாருங்க. ஆர்டிஎஃப்னா ட்ரான்ஸ்மிட்டர் (கையில வச்சு ஓட்டற ரிமோட்), பேட்டரி, சார்ஜர்னு பெரும்பாலும் எல்லாமே உள்ள இருக்கும். பிஎன்எஃப்னா ரிசீவர் (ரிமோட் சிக்னலை வாங்கற பெட்டி) விமானத்துக்குள்ள இருக்கும், ட்ரான்ஸ்மிட்டர் உங்களோடது. பிஎன்பி-ல மோட்டார், சர்வோ (தகடுகளை அசைக்கற குட்டி மோட்டார்), இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தற சர்க்யூட்) எல்லாம் மாட்டியிருக்கும், ரிசீவரை நீங்கதான் வாங்கிப் போடணும். இதுல நெறைய பேர் மாட்டிக்கற இடம் ஒண்ணு இருக்கு, 2.4 கிகாஹெர்ட்ஸ்னு எல்லா ட்ரான்ஸ்மிட்டர்லயும் போட்டிருக்கும், அதனால ஒண்ணோட ஒண்ணு பேசும்னு அர்த்தம் இல்ல. ஸ்பெக்ட்ரம், ஃப்ளைஸ்கை, எஃப்ஆர்ஸ்கைன்னு ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி பாஷை. ரேடியோமாஸ்டர் மாதிரி மல்டி ப்ரோட்டோகால் உள்ள, அதாவது பல பாஷை பேசற ட்ரான்ஸ்மிட்டரா எடுத்துட்டா இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்ல.

மோடுன்னு ஒரு விஷயம். மோட் 2-ல இடது ஸ்டிக் த்ராட்டிலும் ரட்டரும் (வால்ல நிக்கற தகடு, மூக்கை வலது இடதா திருப்பும்), வலது ஸ்டிக் எலிவேட்டரும் எய்லரானும் (இறக்கையில இருக்கற தகடு, விமானத்தை சாய்க்கும்). மோட் 1-ல த்ராட்டிலும் எலிவேட்டரும் கை மாறியிருக்கும். எது நல்லதுன்னு சண்டை போட ஒண்ணும் இல்ல, உங்களுக்கு சொல்லிக் குடுக்கப்போற ஆள் எதுல ஓட்டறாரோ அதுல கத்துக்கங்க, ஏன்னா ஆபத்துல ட்ரான்ஸ்மிட்டரை அவர் கையில குடுக்கவேண்டி வரும். ஆள் யாரும் இல்லேன்னா மோட் 2.

அடுத்து சிமுலேட்டர். இதைத் தாண்டிப் போகலாம்னு நெனைக்காதீங்க, நான் தாண்டித்தான் போனேன், பலன் மேலயே சொல்லிட்டேன். ரியல்ஃப்ளைட், பிகாசிம்னு இருக்கு, எதுவா இருந்தாலும் உங்க சொந்த ட்ரான்ஸ்மிட்டரை கம்ப்யூட்டர்ல மாட்டி ஓட்டுங்க, கீபோர்டுலயோ கேம் பேட்லயோ ஓட்டினா விரலுக்கு எந்தப் பழக்கமும் வராது. ஒரு பத்து மணி நேரம் ஓட்டுங்க, சாகசம் எல்லாம் வேணாம், ஒரே ட்ரெய்னர், ஒரே மைதானம், 8 போடறது, இறக்கறது, திரும்ப 8 போடறது. போரடிக்கும், போரடிக்கற அளவுக்கு வந்துட்டா வேலை நடக்குதுன்னு அர்த்தம்.

சிமுலேட்டர்ல கத்துக்கவேண்டிய பெரிய விஷயம் திசைக் குழப்பம். விமானம் உங்களைவிட்டு விலகிப் போறப்ப உங்க வலதும் அதோட வலதும் ஒண்ணு. திரும்பி உங்களைப் பார்த்து வர்றப்ப நீங்க வலது தள்ளினா அது உங்க இடது பக்கமா போகும். பேப்பர்ல படிக்க சுலபம், நிஜத்துல மூளை கொழம்பி நின்னுடும், புதுசா பழகறவங்க விமானம் நெறைய விழறது இந்த எடத்துலதான். இதுக்கு ஒரு நல்ல உபாயம் இருக்கு, விமானம் உங்களை நோக்கி வர்றப்ப எந்த இறக்கை தாழ்ந்து இருக்கோ அந்தப் பக்கமா ஸ்டிக்கை தள்ளுங்க, தாழ்ந்த இறக்கைக்கு அடியில முட்டுக் குடுக்கற மாதிரி நெனைச்சுக்கங்க. வலதா இடதான்னு யோசிக்கவே வேணாம், முட்டுக் குடுத்தா நிமிரும். சிம்ல இதை நூறு தடவை பண்ணா அப்புறம் யோசிக்காமலே வந்துடும்.

பேட்டரி பத்தி ஒரு பாரா எழுதியே ஆகணும், இந்தப் பொழுதுபோக்குல வீட்டைக் கொளுத்தக்கூடிய ஒரே சாமான் அதுதான். இதுல போடறது லைப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி, அதோட செல் ஒண்ணு சாதாரணமா 3.7 வோல்ட், முழு சார்ஜ்ல 4.2, அதுக்கு மேல ஏத்தவே கூடாது. 3எஸ் பேட்டரின்னா மூணு செல், 11.1 வோல்ட். சார்ஜ் 1சி-ல போடுங்க, அதாவது 2200 எம்ஏஎச் பேட்டரிக்கு 2.2 ஆம்பியர், எல்லா செல்லையும் சமமா ஏத்தறதுக்கான பேலன்ஸ் வயரையும் சேர்த்து மாட்டணும், சார்ஜர்ல லைப்போன்னு செலக்ட் ஆயிருக்கா, செல் எண்ணிக்கை சரியான்னு ரெண்டு தடவை பாருங்க. சார்ஜ் ஓடறப்ப பக்கத்துலயே இருங்க, தீப்பிடிக்காத தரையில வச்சு போடுங்க, போட்டுட்டு தூங்கப் போறது கடைக்குப் போறது எல்லாம் கூடவே கூடாது. ஓட்டி முடிச்சப்ப செல்லுக்கு 3.7 கிட்ட மிச்சம் இருந்தா ஆரோக்கியம், ரெண்டு மூணு நாள் ஓட்டலேன்னா 3.8 பக்கம் கொண்டுவந்து வைங்க, சார்ஜர்ல ஸ்டோரேஜ்னே ஒரு மோட் இருக்கும். உப்பிப்போன பேட்டரி, விழுந்து நசுங்கின பேட்டரி, ரெண்டும் திரும்ப சார்ஜ் ஏறக்கூடாது.

இப்ப விமானம் ரெடி, வெளிய எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி வீட்லயே சிலதைப் பார்த்துடணும். முக்கியமானது சிஜி, அதாவது விமானம் எந்த எடத்துல சமமா நிக்குதுங்கறது. பேட்டரி எல்லாம் உள்ள வச்சு, மேனுவல்ல சொன்ன எடத்துல ரெண்டு இறக்கைக்கும் அடியில ஆள்காட்டி விரலை வச்சு தூக்குங்க. சாதாரண ட்ரெய்னர்ல அந்த எடம் இறக்கையோட முன் விளிம்புல இருந்து அகலத்துல கால் பங்குல இருந்து மூணுல ஒரு பங்குக்குள்ள இருக்கும். மூக்கு ஒரு மயிரிழை தொங்கினா சந்தோஷம். வால் தொங்குச்சுன்னா பறக்க விடாதீங்க, பேட்டரியை முன்னாடி நகர்த்துங்க, பத்தலேன்னா மூக்குல எடை ஒட்டுங்க. மூக்கு கனமா இருந்தா மந்தமா பறக்கும், அவ்வளவுதான். வால் கனமா இருந்தா பிடிக்கவே முடியாது, மேல போய் நின்னு, கவுந்து, முடிஞ்சுது.

அப்புறம் கண்ட்ரோல் எல்லாம் சரியான பக்கம் அசையுதான்னு பார்க்கணும். இதைப் பார்க்கறப்ப ப்ராப்பை கழட்டி வச்சுடுங்க, அந்த சின்ன பிளாஸ்டிக் விரலை எலும்பு வரைக்கும் அறுக்கும். விமானத்துக்குப் பின்னாடி நின்னு ஸ்டிக்கை வலது தள்ளுங்க, வலது எய்லரான் மேல வரணும், இடது கீழ போகணும். எலிவேட்டர் ஸ்டிக்கை உங்க பக்கம் இழுத்தா வால்ல இருக்கற தகடு மேல வரணும். ரட்டர் வலதுன்னா வலது. எய்லரான் தலைகீழா மாட்டினதை கவனிக்காம விட்டு புது விமானத்தை ஒடைச்சவங்க அனுபவசாலிங்கள்லயே இருக்காங்க, ஏன்னா "அசையுதா"ன்னு மட்டும் பார்ப்பாங்க, "எந்தப் பக்கம்"னு பார்க்க மாட்டாங்க. ட்ரான்ஸ்மிட்டர்ல ட்யூவல் ரேட் (தகடு எவ்வளவு அசையணும்ங்கறதைக் கூட்டிக் கொறைக்கற வசதி) இருந்தா லோ-ல போடுங்க, எக்ஸ்போ ஒரு 30 சதவீதம் போடுங்க, ஸ்டிக்கோட நடுப்பகுதி சாந்தமாயிடும், பதட்டக் கைக்கு அது பெரிய உதவி. த்ராட்டில் கட்டுக்கு, அதாவது மோட்டாரை உடனே நிறுத்தறதுக்கு, ஒரு ஸ்விட்ச் ஒதுக்கிடுங்க. ஃபெயில்சேஃப்ல சிக்னல் போனா மோட்டார் நிக்கணும், அதையும் ஒரு தடவை ட்ரான்ஸ்மிட்டரை அணைச்சுப் பார்த்து உறுதி பண்ணுங்க, ப்ராப் இல்லாமதான்.

ஆன் பண்றப்ப ட்ரான்ஸ்மிட்டர் முதல்ல, விமானம் அப்புறம். ஆஃப் பண்றப்ப விமானம் முதல்ல. பேட்டரியை மாட்டின நிமிஷத்துல இருந்து ப்ராப் எப்ப வேணா சுத்தும்னு நெனைச்சே புழங்கணும்.

எடத்துக்கு வருவோம். திறந்த வெளி, ஒரு ஃபுட்பால் மைதானம் ரெண்டை பக்கத்துல பக்கத்துல போட்ட அளவாவது வேணும், மரம், கரண்ட் கம்பி, ரோடு, ஆள் நடமாட்டம் எதுவும் இருக்கக் கூடாது. ஏர்போர்ட் பக்கம் யோசிக்கவே வேணாம். உங்க நாட்டு விதி என்னன்னு பார்த்துடுங்க, பல நாட்டுல 250 கிராமுக்கு மேல போனா பதிவு பண்ணணும், உயரம் 120 மீட்டரைத் தாண்டக்கூடாது. பக்கத்துல க்ளப் இருந்தா சேர்ந்துடுங்க, அங்க பட்டி பாக்ஸ் போட்டு சொல்லிக் குடுப்பாங்க, ரெண்டு ட்ரான்ஸ்மிட்டரை இணைச்சு வச்சிருப்பாங்க, நீங்க சொதப்பினா அவர் ஒரு ஸ்விட்சை விட்டா கண்ட்ரோல் அவர்கிட்ட போயிடும். பத்து விமானம் ஒடைச்சு கத்துக்கறதை ஒரு விமானத்துல கத்துக்கலாம்.

நேரம்னு பார்த்தா விடிஞ்ச உடனே, இல்ல பொழுது சாயறதுக்கு முன்னாடி, காத்து அடங்கியிருக்கும். கொஞ்சம் புல்லைப் பிச்சு தலை உயரத்துல விடுங்க, நேரா கால்ல விழுந்தா ஓட்டுங்க, ரெண்டடி தள்ளி விழுந்தாலும் பரவால்ல, பறந்து போச்சுன்னா வீட்டுக்குப் போங்க. வந்தாச்சே, ஒரு ஃப்ளைட்டாவது போட்டுட்டுப் போவோம்னு தோணும் பாருங்க, அதை நம்பாதீங்க. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கற மாதிரி நில்லுங்க.

கிளப்பறது எப்பவும் காத்தை எதிர்த்து. முக்கால் த்ராட்டில் குடுத்து, கூட வந்தவர் விமானத்தை தோள் உயரத்துல பிடிச்சு, மூக்கு அடிவானத்துக்கு ஒரு துளி மேல இருக்கற மாதிரி நேரா விடணும், கல்லு எறியற மாதிரி மேல வீசக்கூடாது. உங்க ரெண்டு கட்டைவிரலும் ஸ்டிக் மேலயே இருக்கட்டும், அதனாலதான் இன்னொரு ஆள் விடணும்னு சொல்றேன். நேரா மேல ஏறவிடுங்க, திருப்பாதீங்க. எவ்வளவு உயரம்னா, ஒரு தப்பு பண்ணி, அதை சரிபண்றேன்னு இன்னொரு தப்பும் பண்ணி, அதுக்கப்புறமும் மிச்சம் இருக்கற உயரம், ஒரு முப்பது நாப்பது மீட்டர்னு வச்சுக்கங்க. புதுசா ஓட்டறவங்க தாழ்வா பறந்தா பத்திரம்னு நெனைச்சு தரையை ஒட்டியே ஓட்டுவாங்க. உயரம்தான் பத்திரம், தரைதான் விமானத்தை ஒடைக்குது.

மேல போனதும் பாதி த்ராட்டிலுக்கு வாங்க, ஸ்டிக்கை விட்டுப் பாருங்க. ஒரு பக்கமா இழுத்தா அதுக்கு எதிர்பக்கம் ட்ரிம் பட்டனை ஒவ்வொரு க்ளிக்கா அழுத்துங்க, விட்டா நேரா போற வரைக்கும். இது முடியாம வேற எதையும் ஆரம்பிக்காதீங்க.

திருப்பறதுக்கு எய்லரானை லேசா தள்ளி, விமானம் சாஞ்சதும் ஸ்டிக்கை நடுவுக்கு விட்டுடணும், கூடவே எலிவேட்டரை ஒரு துளி இழுத்துப் பிடிக்கணும், திரும்பி முடிக்கறப்ப எதிர்பக்கம் எய்லரான் லேசா குடுத்து நிமிர்த்தணும். எய்லரானைத் தள்ளி அப்படியே பிடிச்சுக்கிட்டு இருந்தீங்கன்னா அது சாஞ்சுக்கிட்டே போய் மூக்கு கவுந்து சுழல் மாதிரி கீழ வரும், அப்ப இழுத்தா சுழல் இன்னும் இறுகும். முதல்ல நிமிர்த்துங்க, அப்புறம் இழுங்க. ஸ்டிக்கை நீங்க அசைக்கற தூரம் ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் இருக்கணும், வெறும் விரல் நுனியை வைக்காம கட்டைவிரல், ஆள்காட்டி விரல் ரெண்டாலயும் ஸ்டிக்கைக் கிள்ளிப் பிடிச்சா இந்த அளவு தானா வரும்.

ஸ்டால் பத்தி: வேகம் கொறைஞ்சு மூக்கு மேல இருந்தா இறக்கை தூக்கறதை நிறுத்திடும், விமானம் மெதுவா ஆகி, ஸ்டிக் பேச்சு கேக்காத மாதிரி இருந்து, சட்டுன்னு மூக்கோ ஒரு இறக்கையோ விழும். இழுக்கத் தோணும், இழுக்கக் கூடாது, எலிவேட்டரை விட்டுட்டு த்ராட்டில் குடுங்க, வேகம் வந்ததும் நிமிர்த்துங்க. நல்ல உயரத்துல வேணும்னே ரெண்டு மூணு தடவை ஸ்டால் பண்ணிப் பாருங்க, உங்க விமானம் விழறதுக்கு முன்னாடி எப்படி தள்ளாடுதுன்னு கண்ணுக்கு பழகிடும். இன்னொண்ணு, காத்தோட திசையில போறப்ப தரையைப் பார்த்தா விமானம் பயங்கர வேகமா போற மாதிரி இருக்கும், உடனே த்ராட்டிலைக் கொறைக்காதீங்க, காத்துக்குள்ள அதோட வேகம் மாறல, கொறைச்சா ஸ்டால்.

டைமர் 5 நிமிஷத்துக்கு வைங்க, அடிச்சதும் இறக்க ஆரம்பிங்க, அப்பதான் ஒரு தடவை தப்பினா இன்னொரு சுத்து சுத்த பேட்டரி இருக்கும். இறங்கறதும் காத்தை எதிர்த்துதான். காத்தோட போய், தூரத்துல திரும்பி, உங்க முன்னாடி இருக்கற தரைக்கு நேரா வரிசைப்படுத்துங்க, அப்புறம் த்ராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமா கொறைங்க. இங்க ஒரு விஷயம் தலைகீழா இருக்கும், எவ்வளவு சீக்கிரம் கீழ வரணும்ங்கறதை த்ராட்டில் பார்த்துக்கும், எவ்வளவு வேகமா வரணும்ங்கறதை எலிவேட்டர் பார்த்துக்கும். எட்டாம போயிடும் போலன்னு தோணினா மூக்கைத் தூக்காதீங்க, த்ராட்டில் கொஞ்சம் குடுங்க. முழங்கால் உயரத்துக்கு வந்ததும் த்ராட்டில் பூஜ்யம், எலிவேட்டரை மெல்ல மெல்ல இழுத்துக்கிட்டே இருங்க, அதுவா உக்காரும். வரிசை சரியில்லையா, ரொம்ப உயரமா இருக்கா, த்ராட்டில் குடுத்து மேல போய் இன்னொரு சுத்து வாங்க, யாரும் மார்க் போடப்போறது இல்ல. முதல் தடவை உங்க காலடியிலதான் இறக்கணும்னு பிடிவாதம் வேணாம், புல்லுல எங்க இறங்கினாலும் லேண்டிங்தான்.

விழத்தான் போகுதுன்னு தெரிஞ்ச நொடியில த்ராட்டிலைக் கட் பண்ணுங்க. ஓடற மோட்டாரோட விழுந்தா ப்ராப், மோட்டார் ஷாஃப்ட், இஎஸ்சின்னு வரிசையா செலவு, நின்ன மோட்டாரோட விழுந்தா பெரும்பாலும் ஃபோம் மட்டும். ஒடைஞ்ச துண்டை எல்லாம் பொறுக்குங்க, சின்னத் துண்டையும் விடாதீங்க, திரும்ப வச்சுப் பார்த்தா அச்சு மாதிரி பொருந்தும், ஃபோமை அரிக்காத பசை இல்லேன்னா எப்பாக்ஸி போட்டு ஒட்டி, மேல ஃபைபர் டேப் ஒட்டுங்க. மூக்கு நசுங்கினா கொதிக்கற தண்ணி காமிச்சா ஈபிஓ ஓரளவு பழைய வடிவத்துக்கு உப்பி வரும். ஒட்டினதுக்கப்புறம் சிஜியைத் திரும்பப் பாருங்க, பசைக்கும் எடை உண்டு.

தூரத்துல பயிருக்குள்ளயோ புதருக்குள்ளயோ விழுந்துச்சுன்னா உடனே ஓடாதீங்க. கண்ணை எடுக்காம, அது மறைஞ்ச எடத்துக்கு நேர் பின்னாடி இருக்கற மரமோ கம்பமோ ஒண்ணை மனசுல குறிச்சுக்கிட்டு, அதை நோக்கி நேர்க்கோட்டுல நடங்க, நாம நெனைக்கறதைவிட தூரமாத்தான் கெடக்கும், பாதியிலயே வலது இடதுன்னு தேட ஆரம்பிச்சுடுவோம். ட்ரான்ஸ்மிட்டரை அணைக்காதீங்க, த்ராட்டில் கட்டை மட்டும் போட்டு வைங்க, கிட்ட வந்துட்டோம்னு தோணினதும் நின்னு, எய்லரான் ஸ்டிக்கை அப்படியும் இப்படியும் ஆட்டிட்டு காதைக் குடுங்க, பேட்டரி கழண்டு போகாம இருந்தா இலைக்குள்ள எங்கயோ சர்வோ கிர்ர் கிர்ர்னு பதில் சொல்லும்.